பேர் சொல்லி விளம்பிய கத்தரிக்காய்

"அம்மா, உண்மை என் பக்கம் இருக்கு. ஊர் என் பக்கம் இல்லை. நான் என்ன செய்யணும்?"

டாக்டர் சந்திரசூடன் இப்படிக் கேட்டபோது மாதங்கி அம்மா உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தேன்.

என் பேர் ஆவுடையப்பன். மலையடிவாரத்தில் இருக்கும் இந்த மடத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சமையல். தினமும் மத்தியானம் முந்நூறு பேர் இங்கே சாப்பிடுவார்கள். இன்னார்தான் வரலாம் என்று கிடையாது. பசித்தவர் வரலாம், அவ்வளவுதான்.

மடத்துத் தலைவி மாதங்கி அம்மாவுக்கு முப்பத்தொன்பது வயது. அவருடைய சீடரான டாக்டருக்கு அறுபத்தொன்று. அவர் காலில் விழ வந்தால் இவர் எழுந்து தள்ளி நின்றுகொள்வார். ஐயா என்றுதான் கூப்பிடுவார். டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பக்கத்து ஆராய்ச்சிப் பண்ணையில் விதை விஞ்ஞானி.

"எந்த உண்மை?" என்றார் அம்மா.

"கத்தரிக்காய்ம்மா."

இதை நான்தான் விளக்கியாகணும்.

கத்தரியில் புழு வைக்கும். தண்டைத் துளைக்கும், காயையும் துளைக்கும். அதற்காக எங்கள் ஊர்க்காரர்கள் வாரம் இரண்டு தரம் மருந்தடிப்பார்கள். டாக்டர் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து ஒரு கத்தரி உண்டாக்கினார். மண்ணில் வாழ்கிற ஒரு நுண்ணுயிரின் மரபணுவை எடுத்துச் செடிக்குள் வைத்தார். அந்தச் செடியைக் கடித்தால் புழு செத்துப்போகும். அந்தப் புழுவுக்கென்று மருந்தடிக்க வேண்டாம்.

சாப்பிடலாம் என்று மேலிடத்தில் சீட்டுக் கொடுத்தாயிற்று. நடுவதற்கு மட்டும் அந்தந்த ஊர் சம்மதிக்கணும். எங்கள் ஊர் சம்மதிக்கவில்லை.

"புழு சாகுதுன்னா மனுஷன் சாகமாட்டானா?" என்று கூட்டத்தில் வெள்ளைப்பாண்டி கேட்டார். நாலு ஏக்கர் கத்தரி போடுகிறவர். ஊரில் அவர் பேச்சுக்கு எடை உண்டு.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். புழுவின் குடல் வேறு, நம் வயிறு வேறு. செடியில் அந்த மரபணு உண்டாக்குகிற சத்து புழுவின் குடலில் ஒட்டிக்கொண்டு ஓட்டை போடும். நம் வயிற்றில் பருப்பு செரிக்கிற மாதிரி செரித்துப்போகும். எனக்கே புரிந்தது. எனக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும். ஆனாலும் ஒருத்தரும் கையைத் தூக்கவில்லை.

பவளம் மட்டும் தூக்கினாள்.

பவளத்தின் புருஷன் மாசிலாமணி போன மாசம் மருந்தடிக்கும்போது வரப்பிலேயே சுருண்டு விழுந்தான். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. இனிமேல் மருந்து டப்பா பக்கமே போகக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். போகாமல் என்ன செய்வான்? நிற்கிற செடியில் புழு. வருகிற வெள்ளிக்கிழமை மருந்து டேங்க்கை முதுகில் ஏற்றத்தான் போகிறான். அவள் ஏற்றலாம் என்றால், அவளுக்கு ஆறு மாசம்.

பக்கத்து வயலை உழுது போட்டுவிட்டு டாக்டரின் நாற்றுக்குத்தான் அவள் காத்திருந்தாள். நாற்று தட்டில் முப்பது நாள் ஆகிவிட்டது. இன்னும் பத்து நாளில் முற்றிவிடும். முற்றிய நாற்று நட்டால் பிடிக்காது.

"வியாழக்கிழமை மறுபடியும் கூட்டம்மா" என்றார் டாக்டர். "என் கையில ஒரு சாட்சி இருக்கு. அதைச் சொன்னா யாரும் வாயைத் திறக்க முடியாது. சொல்லலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

"என்ன சாட்சி?"

டாக்டர் சிரித்தார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போது சிரிக்குமே, அந்தச் சிரிப்பு.

"நாற்பது நாளா இந்த மடத்துல எல்லாரும் சாப்பிடுற கத்தரிக்காய் அதுதாம்மா."

என் கையிலிருந்த தேங்காய் நார் அண்டாவுக்குள் விழுந்தது.

நாற்பது நாளாகப் பண்ணை வலைக்குடிலிலிருந்து மூட்டை மூட்டையாகக் காய் வந்தது. மடத்துக்குக் காணிக்கை என்றார். நானும் வாங்கி வாங்கி நறுக்கினேன். புழு இல்லாத கத்தரி மூட்டையை இருபத்திரண்டு வருஷத்தில் நான் கண்டதில்லை. இந்த நாற்பது நாளில் ஒரு புழு, ஒரே ஒரு புழு கிடையாது. எல்லாம் என் கைராசி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். என்னைப்போல் மடையன் உண்டா?

"என்ன வேலைவே செஞ்சீரு!" என்று கத்திவிட்டேன். பெரிய மனுஷர், படித்தவர் என்றெல்லாம் பார்க்கவில்லை.

"கோபப்படாதீங்க ஆவுடையப்பன். யாருக்காவது வயிறு வலிச்சுதா? இல்லையே. தெரிஞ்சு சாப்பிட்டா பயத்துலயே வலிக்கும். தெரியாம சாப்பிட்டாங்க பாருங்க, அதுதான் சுத்தமான சோதனை. எங்க தொழில்ல அதுக்குத்தான் மதிப்பு."

மனசில் துளி வஞ்சகம் இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அம்மா பொறுக்கின கல்லை ஓரமாக வைத்தார்.

"காய் நல்லதா ஐயா?"

"நல்லதும்மா."

"நிச்சயமா?"

"பன்னிரண்டு வருஷம் பார்த்திருக்கேன். என் பேத்திக்குக் கொடுப்பேன்."

"நான் நம்புறேன்" என்றார் அம்மா. "நீங்க சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்லை."

"ஆவுடையப்பன், ஐயாவுக்கு ஓர் இலை போடுங்க."

எங்கள் மடத்துப் பந்திக்கு ஒரு வழக்கம் உண்டு. விளம்புகிறவர், அதாவது பரிமாறுகிறவர், இலைக்கு இலை நின்று பதார்த்தத்தின் பேரைச் சொல்லணும். அவியல் என்றால் அவியல். ரசம் என்றால் ரசம். சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிற்கணும். வேண்டாதவர் இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டுவார். கை இருக்கிற இலையில் கரண்டி இறங்கக்கூடாது. தலைவியே விளம்பினாலும் அதுதான் சட்டம்.

அன்று தலைவியேதான் விளம்பினார்.

"சோறு" என்றார். போட்டார்.

"பருப்பு" என்றார். போட்டார்.

அடுத்து ஒரு சின்னச் சட்டியிலிருந்து எதையோ அள்ளினார். கருப்பாக, கொழகொழவென்று இருந்தது. பேர் சொல்லவில்லை. கரண்டி இலையை நோக்கி இறங்கியது.

டாக்டரின் கை சட்டென்று குறுக்கே வந்தது.

"என்னம்மா இது?"

அம்மா கையில் கரண்டி அசையவில்லை.

"எனக்குச் சர்க்கரை இருக்கும்மா. என்னன்னு தெரியாம எப்படி..."

பாதியிலேயே நின்றுவிட்டார். இலைமேல் நீட்டிய தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "உம்ம காய்தான்யா! சுட்டுப் பிசைஞ்சு புளி விட்ட கொத்சு! காலைல எங்களுக்குன்னு வச்சது!"

டாக்டருக்கு முகம் செத்துப்போயிற்று.

அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்தார்.

"நாளைக்கு நீங்க விளம்புங்க."

"பேர் சொல்லியா?"

"வேற எப்படி விளம்புறது?"

"சொன்னா அங்கேயே எல்லாம் முடிஞ்சுதும்மா. கூட்டம் நடக்காது. நாற்று முத்திரும். மாசிலாமணி வெள்ளிக்கிழமை டேங்க்கைத் தூக்குவான். அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா? என் காய் நல்லதுன்னு நீங்களே நம்புறீங்க. ஒரு உயிரைவிட ஒரு பேர் பெரிசா?"

நல்ல கேள்வி. எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

அம்மா உளுந்தை முறத்தோடு எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பந்தி பன்னிரண்டு மணிக்கு. பதினொண்ணரைக்கு வந்துருங்க."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. இலை போட்டு ஜனங்கள் உட்கார்ந்ததும் அம்மா நடுக்கூடத்தில் வந்து நின்றார். நாற்பது நாள் நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

"என் மடத்துல நடந்தது. என்ன காய்னு கேட்டு வாங்காதது என் தப்பு. மன்னிக்கணும்" என்று கை கூப்பினார்.

அப்புறம் என்ன, கூடமே இரைந்தது. பாதிப்பேர் எழுந்து போனார்கள். இரண்டு பேர் முற்றத்துச் சாக்கடை ஓரம் போய் வாயில் விரல் விட்டுக் குமட்டினார்கள். நேற்று சாப்பிட்டது இன்று வருமா? ஆனாலும் விட்டார்கள்.

"சார், நாங்க என்ன எலியா?" என்றார் வெள்ளைப்பாண்டி. அவர் எழுந்து போகவில்லை. போயிருந்தால் தேவலை என்று இருந்தது டாக்டருக்கு.

டாக்டர் வாளியைத் தூக்கினார். நான் நறுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அவரே நறுக்கி, அவரே வேக வைத்த கூட்டு. ஒரு துண்டு கட்டைவிரல் அளவு, ஒரு துண்டு சுண்டுவிரல் அளவு. பார்க்கச் சகிக்கவில்லை.

முதல் இலை.

"கத்தரிக்காய்க் கூட்டு" என்றார். நின்றார். பிறகு மிச்சத்தையும் சொன்னார். "மரபணு மாத்தின காய். மண்ணுல இருக்குற ஒரு கிருமியோட குணத்தை நான் இதுக்குள்ள வச்சிருக்கேன். புழு தின்னா சாகும். நமக்கு ஒண்ணும் செய்யாதுன்னு சோதிச்சிருக்கேன். நாற்பது நாள் உங்களைக் கேக்காம போட்டேன். அது தப்பு. வேணுமா?"

இலைமேல் கை நீண்டது.

அடுத்த இலை. மறுபடியும் முதலிலிருந்து அத்தனையும். கை நீண்டது.

இலைக்கு இலை. கைக்குக் கை.

இரண்டாவது வரிசையின் கடைசியில் பவளம் இருந்தாள். டாக்டர் முகம் கொஞ்சம் தெளிந்தது. இவளாவது வாங்குவாள் என்று நினைத்திருப்பார். நானும் நினைத்தேன்.

அவர் முழுதும் சொல்லி முடிக்கும் வரை பவளம் தலையைக் குனிந்து கேட்டாள். பிறகு இரண்டு கையையும் இலைமேல் வைத்தாள்.

"ஊரே வேண்டாம்னு உட்கார்ந்திருக்கையில நான் ஒருத்திதான் சார் கையைத் தூக்கினேன். எங்கிட்டயாவது கேட்டிருக்கலாம்லா? கேட்டிருந்தா முதல் ஆளா நானே தின்னுருப்பேனே." அவள் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். "என் வயித்துல இருக்குறதையும் சேர்த்துல்லா தின்ன வச்சீங்க."

வாளி அப்படியே நிரம்பித் திரும்பி வந்தது.

டாக்டர் பின்கட்டுக்கு வந்து முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

இனிமேல் இந்த ஆள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்று நினைத்தேன். புதன்கிழமை பதினொன்றரைக்கு வந்து கத்தியை எடுத்தார்.

அன்று வெள்ளைப்பாண்டி கையை இலைமேல் வைத்துக்கொண்டே கேள்வி கேட்டார்.

"இந்தக் காய்ல விதை எடுத்து வச்சா முளைக்குமா?"

"முளைக்கும்."

"பக்கத்து வயலுக்கு மகரந்தம் போகுமா?"

"கொஞ்சம் போகும்."

"அன்னைக்குக் கூட்டத்துல போகாதுன்னுல்ல சொன்னீரு?"

"நீங்க பயப்படுவீங்கன்னு சொன்னேன். போகும். எவ்வளவு தூரம் போகும்னு அளந்து வச்சிருக்கேன். காட்டுறேன்."

"புழு என்னைக்குமே சாகுமா?"

"சாகாது. எல்லாரும் இதையே நட்டா ஒரு நாள் புழுவுக்குப் பழகிரும். வயல் ஓரத்துல சாதாரணச் செடியும் நாலு வரிசை விடணும். அதுல வர்ற புழுவை விட்டு வைக்கணும்."

"புழுவுக்குப் பந்தி வைக்கச் சொல்லுதீரு."

"ஆமா."

வெள்ளைப்பாண்டி சிரித்துவிட்டார். கையை மட்டும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமைக் கூட்டம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. இந்தப் பட்டத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் பண்ணைக்குப் போய் நாற்றுத் தட்டு அத்தனையையும் தன் கையாலேயே குழியில் கவிழ்த்து மூடினார். பன்னிரண்டு வருஷத்து உழைப்பு ஊருக்குள் வரவேண்டிய நேரம் அப்படிப் போயிற்று.

சாயங்காலம் மடத்துக்கு வந்தார்.

"நீங்க சொன்னபடி பேர் சொன்னேம்மா. என்ன நடக்கும்னு பயந்தேனோ அதுதான் நடந்தது. விடிஞ்சா அவன் டேங்க்கைத் தூக்குவான்."

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"டேங்க் எவ்வளவு கனம் இருக்கும் ஐயா?"

"பதினாறு லிட்டர் பிடிக்கும்."

"உங்களால தூக்க முடியுமா?"

டாக்டர் எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் பவளத்தின் வயலில் மருந்தடித்தது மாசிலாமணி இல்லை. அறுபத்தொரு வயதுக்காரர், முகத்துக்கு மூடி, கைக்கு உறை, காலுக்கு பூட்ஸ், முதுகில் டேங்க். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து, முதுகு காட்டி நடந்தார். மாசிலாமணியும் பவளமும் தூரத்துக் கிணற்று மேட்டில் நின்று பார்த்தார்கள். மருந்தே வேண்டாத கத்தரியைக் கண்டுபிடித்தவர் மருந்தடிக்கிறார். ஊர் முழுக்க வேடிக்கை பார்த்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று பந்திக்கு வந்தபோது நாலு தரம் குளித்திருந்தார். அப்படியும் மருந்து வாடை போகவில்லை. கத்தியைத் தேடினார். நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"நகரும்" என்றேன். "உம்ம கை லட்சணத்தை இனிமே பார்க்க முடியாது."

"மரபணு மாத்தின காய், ஆவுடையப்பன். நறுக்குவீங்களா?"

"தெரியும். கேட்டுட்டீருல்லா? தாரும் இங்கே."

புழு இல்லை. எல்லாத் துண்டும் ஒரே அளவாக விழுந்தது.

அன்றும் இலைக்கு இலை கை. சனிக்கிழமையும். ஞாயிற்றுக்கிழமையும். எழுந்து போனவர்கள் ஒவ்வொருத்தராகப் பந்திக்குத் திரும்பியிருந்தார்கள். பேர் சொல்லாமல் எதுவும் விழாது என்று தெரிந்துபோயிற்று அவர்களுக்கு. ஆனால் வாளி மட்டும் நிரம்பியே திரும்பியது.

"எத்தனை நாளுக்கு இப்படி?" என்று அம்மாவிடம் நான் கேட்டேன்.

"ஐயாவைக் கேளுங்க" என்றார்.

ஐயா அடுத்த வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தார். தொண்டை கட்டிப்போய்க் கரகரவென்று இருந்தது. முதல் நாள் இருந்த பதற்றத்தைக் காணோம்.

செவ்வாய்க்கிழமை பவளம் வந்தாள். கூட மாசிலாமணியும் வந்தான். இரண்டாவது வரிசையில், அதே கடைசி இடம்.

டாக்டர் வந்து நின்றார். பவளம் இரண்டு கையும் இலைமேல் வைத்திருந்தாள்.

அவர் கரண்டியை வாளிக்குள்ளேயே வைத்திருந்தார்.

"பேர் சொல்லுங்க சார்" என்றாள்.

"கத்தரிக்காய்க் கூட்டு" என்று தொடங்கினார். மரபணுவைச் சொன்னார். கிருமியைச் சொன்னார். புழுவைச் சொன்னார். நாற்பது நாளைச் சொன்னார். "வேணுமாம்மா?" என்றார்.

"எனக்கு ஆறு மாசம். வயித்துல இருக்குறதுக்கு ஒண்ணும் செய்யாதே?"

"செய்யாதுன்னு சோதனை சொல்லுது. நானும் நம்புறேன். ஆனா வேண்டாம்னு தோணிச்சுன்னா வேண்டாம்மா. நாளைக்கும் வருவேன்."

பவளம் புருஷனைப் பார்த்தாள். அவன் அவள் பாடு என்று விட்டுவிட்டான்.

"தைப் பட்டத்துக்கு நாத்து இருக்குமா சார்?"

"ஊர் கேட்டா இருக்கும்."

"ஊரை நான் கேக்குதேன்" என்றாள்.

ஒரு கையை எடுத்தாள். அப்புறம் மற்றக் கையையும் எடுத்தாள்.

"வையுங்க."

கரண்டி அப்படி நடுங்கியது. பாதிக் கூட்டு இலைக்கு வெளியே சிந்தியது. சோற்று அண்டாவோடு பின்னால் நின்ற எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னய்யா இது? நாற்பது நாளா முந்நூறு பேருக்குப் போட்ட ஆளு, ஒரு இலைக்கா இப்படி நடுங்குதீரு?"

டாக்டர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லை ஆவுடையப்பன். இப்பதான் முதல் இலை."